கொலுக் காட்டில் ஓர் ஓநாய்

சென்ற ஆண்டு நவராத்திரியின் நான்காம் நாள் மாலையில் எனக்கு நேர்ந்த ஒரு சிறு மானக்கேட்டை இம்மாதம் உங்களிடம் சொல்லிவிட எண்ணுகிறேன். அஞ்சல் தலை, நாணயம், பழம் பாத்திரம் என்று பல சேகரிப்புகளைப் பற்றி இப்பகுதியில் பெருமையாக எழுதி வந்தவன், தன் சொந்தச் சேகரிப்பில் கண்ட குறையை மறைப்பது முறையன்று.

எங்கள் கொலுவின் கீழ்ப்படிக்கு முன்னே ஆண்டுதோறும் ஒரு காடு அமைப்பது வழக்கம். நாங்கள் புனேயில் குடியேறி 34 ஆண்டுகள் ஆகின்றன. ஓர் ஆண்டும் இவ்வழக்கம் தவறியதில்லை. மணல் பரப்பி, கேழ்வரகையும் கடுகையும் முன்னதாகவே தூவி முளைக்கவிட்டு, உடைந்த முகக்கண்ணாடியைக் குளமாக்கி, அதன் கரையில் நான் சேகரித்த விலங்குகளை நிறுத்துவோம். படிகள் என் மனைவியின் ஆட்சி. காடு என் ஆட்சி. சன்னபட்டணத்து அரக்கு வண்ண யானை, கொண்டப்பள்ளியின் இலேசான மரத்தில் செதுக்கிய மான், பாங்குராவின் நெடுங்கழுத்துக் குதிரை, காசியில் வாங்கிய மரச் சிங்கம் என்று 140 உருப்படிகள் சேர்ந்துள்ளன. அவற்றுள் பல, அலுவல் நிமித்தம் சென்ற ஊர்களிலிருந்து இரயிலில் மடியில் வைத்துக் கொண்டுவரப்பட்டவை.

அன்று மாலை சுண்டலுக்கு வந்த அண்டை வீட்டு மராத்திச் சிறுவன் ஒருவன், குளக்கரையில் ஆட்டு மந்தையை நோக்கி நின்றிருந்த என் ஓநாயைச் சுட்டிக்காட்டி, “ஹா குத்ரா ஆஹே, ஆஜோபா” என்றான். ‘இது நாய், தாத்தா’ என்பது அதன் பொருள். “இல்லையப்பா, இது ஓநாய்; உங்கள் மொழியில் லாண்டகா” என்றேன். அவனோ சிரித்துவிட்டான். லாண்டகாவின் வால் இப்படி மேல்நோக்கிச் சுருண்டிராதென்றும், புரந்தர் வட்டத்தில் தன் பாட்டனார் நிலத்தருகே தான் அதனைக் கண்டதுண்டென்றும் சொன்னான். என் பேத்தி என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கு வயது ஒன்பது. தாத்தா சொன்னால் அது சரியாகவே இருக்கும் என்னும் எண்ணம் அவளுக்கு அதுவரை இருந்தது.

இரவு, விருந்தினர் சென்ற பின், என்னிடமிருந்த மூன்று ஓநாய்களையும் மேசைமேல் வைத்து விளக்கடியில் ஆராய்ந்தேன். முதலாவது, கடைக்காரர் ஓநாய் என்று சொல்லி விற்ற மண் பொம்மை. சிறுவன் சொன்னதே சரி, அது நம் தெருவில் திரியும் நாய். இரண்டாவது, காவல் நாயாக வளர்க்கப்படும் அல்சேஷியன். முதுகில் சேணம் போட்டாற்போன்ற கரும்பட்டையை எப்படிக் கவனியாது விட்டேனோ! மூன்றாவது வெளிநாட்டு ரப்பர் பொம்மை. அது மட்டும் மெய்யாகவே ஓநாய்தான். ஆனால் பனி மூடிய வடநாடுகளின் ஓநாய். அடர்ந்த உரோமமும் தடித்த பிடரியுமாக அது தக்காணத்து வெயிலில் நின்றால் அரை நாள் தாங்காது.

குறை பொம்மை செய்வோரிடம் இல்லை என்றே கருதுகிறேன். கைவினைஞர் தாம் கண்டதைச் செய்கின்றனர். யானையை அவர்கள் கோயில் வாயிலில் கண்டிருக்கின்றனர். நாயை வாசலில் காண்கின்றனர். ஓநாயைக் கண்டவர் அவர்களுள் எத்தனை பேர்? நம் தமிழ்க் குழந்தைகளுக்கும் அது தொலைவான விலங்கே. பொய்யாகக் கூவி ஊரை ஏமாற்றிய இடைச் சிறுவன் கதையை நாம் ‘புலி வருது, புலி வருது’ என்றுதான் கேட்டு வளர்ந்தோம். தெலுங்கிலும் அவ்விடத்தில் புலியே வருகிறது. மராத்தியிலோ ‘லாண்டகா ஆலா ரே ஆலா’ என்பர், கன்னடத்தில் தோள, இந்தியில் பேடியா, மூன்றும் ஓநாயே. அச்சிறுவன் என்னைத் திருத்தியதற்கு இம்மொழி வழக்கும் ஒரு காரணம் போலும். நம் கதையில் ஓநாய் இல்லாததால் நம் கண்ணிலும் அது இல்லை.

நாயைச் செய்வதில் மட்டும் நம் நாட்டுக் கைவினைஞர் மிகப் பழையவர்கள். மகாராஷ்டிரத்தின் தைமாபாதில் 1974-ஆம் ஆண்டு கிடைத்த வெண்கல உருவங்களுள் யானை, காண்டாமிருகம், எருமை ஆகியவற்றோடு, இரு காளைகள் இழுக்கும் தேர் ஒன்றும் உண்டு. அத்தேரின் ஏர்க்காலின் மேல் ஒரு நாய் நிற்கிறது. அவற்றின் காலம் பற்றி அறிஞரிடையே கருத்து வேற்றுமை உண்டெனினும், அது நாய் என்பதில் ஐயமில்லை. ஓநாய் யாருடைய தேரிலும் ஏறி நிற்பதில்லை அன்றோ! அதனினும் எளிய வழி கண்டவர்கள் அரப்பா நாகரிகத்துக் குயவர்கள். அவர்கள் செய்த சுடுமண் நாய்கள் சிலவற்றின் கழுத்தில் பட்டை காட்டப்பட்டுள்ளது. பட்டை இருந்தால் வீட்டைச் சேர்ந்தது. வேறு விளக்கம் வேண்டியதில்லை.

பட்டை இல்லாதபோது என்ன செய்வது? இதனை அறிய நான் சில மாதங்கள் நூல்களையும் படங்களையும் புரட்டினேன். கடையில் பொம்மையைக் கையில் எடுக்கும் அன்பர்களுக்குப் பயன்படும் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். முதலில் வாலைப் பாருங்கள். ஓநாயின் வால் பின்னங்கால்களை ஒட்டி நேரே தொங்கும். ஊக்கம் வந்தால் நீட்டி உயர்த்துமேயன்றி, நம் தெரு நாய்போல முதுகின்மேல் அரிவாளாக வளைக்காது. அடுத்தது கால். உடலின் அளவுக்கு ஓநாயின் கால்கள் நீளமானவை, மார்போ ஒடுங்கியது. முன்னிருந்து நோக்கினால் இரு முன்னங்கால்களும் நெருங்கி நிற்கும். அகன்ற மார்பும் விலகிய கால்களும் உள்ள பொம்மையை எவ்வளவு கடுமையாகப் பல் காட்டச் செய்திருந்தாலும் அது நாயே. நெற்றியிலிருந்து மூக்குவரை விரலால் தடவிப் பாருங்கள். நாய்க்குக் கண்களுக்கு நடுவே ஒரு படி இறங்கினாற்போல் விரல் தடுக்கும். ஓநாய்க்குச் சரிவு மெல்லச் செல்லும்.

இனி, கண். பெரும்பாலான நாய்களுக்குப் பழுப்பு விழி. ஓநாய்க்குத் தேன் கலந்த மஞ்சள் விழி, சற்றுச் சாய்வாக அமைந்தது. இதனினும் வியப்பான செய்தி ஒன்றுண்டு. 2019-ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியில் நாய், ஓநாய் ஆகியவற்றின் முகத் தசைகளை அறுத்து ஒப்பிட்டனர். புருவத்தின் உட்பக்கத்தை மேலே உயர்த்தும் தசை நாய்களிடம் நன்கு அமைந்திருக்க, ஓநாயிடம் அது மெல்லிய சில இழைகளாகவே காணப்பட்டது. சோறு வேண்டி நம்மை அண்ணாந்து பார்க்கும்போது நாயின் முகத்தில் ஓர் ஏக்கம் தோன்றுகிறதே, அது அத்தசையின் வேலை. குறைந்தது 15,000 ஆண்டுகளாக மனிதரை அண்டி வாழ்ந்ததால் நாய் பெற்ற முகம் அது. ஆகவே, உங்கள் கையிலுள்ள ஓநாய்ப் பொம்மை உங்களைப் பார்த்து இரங்கும்படி நோக்குமாயின், நம்பாதீர்கள்.

நிறத்தைப் பொறுத்தமட்டில், நம் நாட்டு ஓநாய் புழுதி நிறம். முதுகில் கருநுனி மயிர் கலந்திருக்கும். எடை சுமார் 20 கிலோவே. கதைப் புத்தகங்களில் வரும் பேருருவம் இங்கே இல்லை. செந்நாயை இதனோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது செம்பு நிறமும், வட்டமான காதும், கருத்த அடர்ந்த வாலும் உடையது. சீழ்க்கையடித்துத் தன் கூட்டத்தை அழைப்பது. நாய் இனத்திலோ ஓநாய் இனத்திலோ சேராத தனி விலங்கு. நரி இவை எல்லாவற்றினும் சிறியது. கழுதைப்புலி நாயின் உறவே அன்று.

இவ்வளவும் படித்த பின் நேரில் காணவேண்டும் என்னும் ஆவல் எழுந்தது. சனவரியில் பேத்தியை அழைத்துக்கொண்டு இந்தாபூர் வட்டத்துக் கடபன்வாடிப் புல்வெளிக்குச் சென்றேன். பொழுது புலரும் நேரம். காய்ந்த புல் முழங்கால் உயரம் நின்றது. ஆட்டுக் கிடையருகே இருந்த தன்கர் முதியவர் ஒருவர் எங்களுடன் நின்று பேசினார். தொலைவில் மேட்டின்மேல் ஒரு விலங்கு தோன்றியது. நான் படித்ததெல்லாம் மறந்து, “நாய்” என்றேன். பேத்தி மெல்ல, “வாலைப் பாருங்கள், தாத்தா” என்றாள். அது ஒரே நேர்க்கோட்டில், கால் வைத்த சுவட்டிலேயே பின்காலும் வைத்ததுபோல், ஓசையின்றி நடந்து மேட்டுக்கு அப்பால் மறைந்தது. அரை நிமிடம்தான் இருக்கும்.

முதியவரிடம், எப்படி வேறுபாடு காண்கிறீர்கள் என்று கேட்டேன். நாய் நின்று நம்மைப் பார்க்கும். லாண்டகா பார்த்தாலும் நிற்காது, தன் வழியே போகும் என்றார். ஆண்டுக்கு இரண்டு மூன்று குட்டி ஆடுகளை அது கொண்டுபோவதுண்டாம். கோபம் இல்லையா என்றதற்கு, அது அதன் பங்கு என்று சொல்லிவிட்டு, தம் கவலை வேறு என்றார். புனேயிலிருந்து நெடுஞ்சாலை ஓரமாகக் கோழிக் கழிவும் குப்பையும் வந்து கொட்டப்படுகின்றன. அவற்றைத் தின்னத் தெரு நாய்கள் கூட்டமாகப் பெருகுகின்றன. அங்கே ஓநாயும் வருகிறது. “இப்போது சிலவற்றைக் கண்டால் எனக்கே இது எது என்று சொல்ல முடியவில்லை” என்றார் அம்முதியவர்.

இது முதியவரின் கண் மங்கியதால் எழுந்த பேச்சன்று. புனே அருகே மயிர் நிறம் மாறுபட்டிருந்த விலங்குகளின் மரபணுவை ஆராய்ந்து, அவை ஓநாயும் நாயும் கலந்து பிறந்தவை என்று 2023-ஆம் ஆண்டில் அறிவியலாளர் உறுதிப்படுத்தினர். இரண்டுக்கும் மரபுத் திரிகள் 78-ஆக ஒத்திருப்பதால் கலப்புக் குட்டிகளும் இனம் பெருக்க வல்லவை. நாட்டிலுள்ள ஓநாய்கள் சுமார் 3,000 என்பது மதிப்பீடு. நாய்களோ கோடிக்கணக்கில் உள்ளன. ஒரு கரண்டிப் பாலைக் குடம் தண்ணீரில் ஊற்றினாற்போல் ஆகிவிடக்கூடும் என்பதே ஆராய்ச்சியாளரின் அச்சம். நாய்களிடமிருந்து தொற்றும் வெறிநோயும் பிற நோய்களும் வேறு. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் ஓநாயைப் புலிக்குச் சமமாக முதல் அட்டவணையில் வைத்துள்ளது. ஆனால் அது வாழும் புல்வெளிகளில் பெரும்பகுதி அரசுப் பதிவேடுகளில் தரிசு என்றே குறிக்கப்பட்டிருக்கிறது. தரிசில் என்ன கட்டினாலும் கேட்பாரில்லை. நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடியும் முன்னர்ப் புல் முளைத்த மேட்டின் மேல்தான் நிற்கிறது. இதனை எழுதும்போது எனக்குக் கொஞ்சம் கூச்சமாகவே உள்ளது.

திரும்பும் வழியில் பேத்தி நெடுநேரம் பேசாமல் வந்தாள். பிறகு, “தாத்தா, எல்லாம் கலந்துவிட்டால் நம் கொலுவில் எதை வைப்பது?” என்று கேட்டாள். எனக்கு மறுமொழி தோன்றவில்லை. சரியான ஓநாய் ஒன்றைச் செய்விப்போம் என்று மட்டும் சொன்னேன்.

நகரத்துக் குயவர் ஒருவரை அணுகினோம். விநாயக சதுர்த்தி முடியும்வரை தமக்குத் தலை சொறிய நேரமில்லை என்று சொல்லிவிட்டார். அது முடிந்த பின் சென்றபோது, படங்களை வாங்கிப் பார்த்துக்கொண்டு, ஒரு வாரத்தில் ஒன்று செய்து காட்டினார். அழகான பொம்மை, ஆனால் வால் சுருண்டிருந்தது. கை பழகிய வழியே போய்விட்டது என்று அவரே சிரித்தார். இரண்டாவது பொம்மையில் வால் நேராயிற்று. முகத்தில் மட்டும் அன்பு சுரந்தது. பேத்தி அதன் புருவத்தைத் தொட்டுக்காட்டி, தசைச் செய்தியை மராத்தியில் அவருக்கு விளக்கினாள். என்னைவிட அவள் நன்றாகவே சொன்னாள். அவர் ஈர மண்ணில் கட்டைவிரலால் ஒரு முறை அழுத்தித் தடவினார், ஏக்கம் போய்விட்டது. வேளைக்கு மூன்று கிண்ணம் தேநீர் குடித்து, மூன்றாவது பொம்மையில் கால்களை நீட்டி, மார்பை ஒடுக்கி முடித்துக் கொடுத்தார். விலை கேட்டதற்கு, முதலிரண்டையும் நாயென்று விற்றுக்கொள்வதாகவும், மூன்றாவதற்கு மட்டும் கொடுத்தால் போதுமென்றும் சொன்னார்.

இவ்வாண்டுக் காட்டைப் பேத்தியே அமைக்கிறாள். என் பழைய சுருள்வால் ஓநாயின் கழுத்தில் சிவப்பு நூல் கட்டிப் பட்டையாக்கி, அதனை இடையன் பொம்மையின் காலடியில், ஆட்டு மந்தைக்குக் காவலாக நிறுத்திவிட்டாள். புதிய ஓநாய் குளத்துக்கு அப்பால், நம் பக்கம் திரும்பாமல் நடந்து செல்கிறது. இரண்டுக்கும் நடுவே இரண்டு முழ மணலை வெறுமையாகவே விட்டிருக்கிறாள். அங்கே எதையும் வைக்கக் கூடாதாம். செட்டியார் கடைப் பொம்மைக்கு எங்கே இடம் என்று என் மனைவி காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள். வழக்கு என் முன் வந்திருக்கிறது. தீர்ப்பு இன்னும் சொல்லவில்லை.