இத்தாலியச் சாப்பாட்டுக்கு ஏன் இவ்வளவு விலை?

ஜெர்மனியின் பல்கலைக்கழகங்களில் படிக்கும் வெளிநாட்டு மாணவர்களில் இப்போது இந்தியர்களே அதிகம். தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்களும் அவர்களில் கணிசமாக இருக்கிறார்கள். போய் இறங்கிய முதல் வாரத்தில், வெளியில் எங்கே சாப்பிடுவது என்ற கேள்விக்குப் பெரும்பாலும் கிடைக்கும் பதில் இத்தாலியக் கடைதான். பன்றிக்கறியும் தொத்திறைச்சியும் நிரம்பிய ஊரில், தக்காளியும் பாலாடைக்கட்டியும் மட்டும் போட்ட மார்கரீட்டா பீட்சா கிடைக்கும் கடை சைவர்கள் ஓரளவு நம்பி உட்காரக்கூடிய இடம். ஆனால் மியூனிக் போன்ற நகரங்களின் மையப்பகுதியில் அந்த மார்கரீட்டாவுக்கே பன்னிரண்டு, பதினாலு யூரோ என்பது சாதாரணமாகிவிட்டது. இதைப் பார்த்ததும் பலர் இரண்டு முடிவுகளுக்கு வருகிறார்கள். நல்ல இத்தாலியச் சாப்பாடு காசுள்ளவர்களுக்கானது என்பது ஒன்று. மலிவாகக் கிடைப்பதெல்லாம் போலி என்பது இன்னொன்று. இரண்டுமே தவறு. இத்தாலியச் சமையலின் பெருமைக்குரிய பகுதியில் பெரும்பங்கு கையில் காசில்லாதவர்கள் கண்டுபிடித்தது. அது மலிவாக இருப்பதுதான் இயல்பு. விலை ஏறும்போது அதில் எவ்வளவு சாப்பாட்டுக்கு, எவ்வளவு பெயருக்கு என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால், வெளிநாட்டில் நல்ல இத்தாலியச் சாப்பாடு கிடைப்பது கடினமே இல்லை.

முதலில் இந்தச் சமையல் யாருடையது என்று பார்க்கலாம். 1876க்கும் 1915க்கும் இடையில் ஏறத்தாழ 1.4 கோடிப் பேர் இத்தாலியை விட்டு வெளியேறினார்கள். பெரும்பாலும் வயிற்றுப்பாட்டுக்காக ஊரை விட்டவர்கள் அவர்கள். இந்தச் சமையல் அப்படிப்பட்ட ஏழைகளுடையது. நேப்பிள்ஸ் நகரத்தில் பீட்சா என்பது உட்கார்ந்து சாப்பிட இடமில்லாத கூலிக்காரர்கள் தெருவில் வாங்கித் தின்ற பண்டம். டஸ்கனியின் ‘ரிபொல்லித்தா’ முந்தைய நாள் மிஞ்சிய காய்கறிச் சூப்பில் காய்ந்த ரொட்டியைப் போட்டு மறுபடி கொதிக்கவிட்டது. பாஸ்தாவும் பயறும் சேர்த்து வேகவைக்கும் ‘பாஸ்தா எ ஃபஜோலி’ கறி வாங்க முடியாத வீடுகளில் புரதத்துக்குச் செய்த ஏற்பாடு. தென்னித்தாலியில் பாலாடைக்கட்டி வாங்க வழியில்லாதவர்கள் பழைய ரொட்டியைத் தூளாக்கி, எண்ணெயில் பொன்னிறமாக வறுத்து, பாஸ்தாவின் மேல் தூவிக்கொண்டார்கள். இன்றைக்கு இவையெல்லாம் உணவக அட்டைகளில் அழகான எழுத்தில் அச்சாகின்றன. ஆனால் ஒவ்வொன்றின் பின்னாலும் இருப்பது ஒரே கணக்கு: இருப்பதை வீணாக்காமல், நான்கைந்து பொருளில், வயிறு நிறைய, வாய்க்கு ருசியாக.

இந்தச் சிக்கனம் பொருளில் மட்டும் இல்லை, செய்முறையிலும் இருக்கிறது. நேப்பிள்ஸ் பீட்சாவின் தரத்தைக் காக்க 1984இல் அங்கே ஒரு சங்கம் தொடங்கப்பட்டது. அதன் விதிகளின்படி விறகடுப்பின் சூடு 400 டிகிரி அளவிலோ அதற்கு மேலோ இருக்க வேண்டும்; பீட்சா 60 முதல் 90 நொடிக்குள் வெந்துவிட வேண்டும். ருசிக்காகச் சொல்லப்படும் இந்த விதிக்குள் ஒரு வியாபார ரகசியமும் இருக்கிறது. ஒன்றரை நிமிடத்தில் ஒரு பீட்சா வெளியே வந்தால், ஒரே அடுப்பில் ஒரு மணி நேரத்தில் எத்தனை பேருக்குப் பரிமாறலாம் என்று எண்ணிப் பாருங்கள். சிறு லாபம், பெரிய விற்பனை. நேப்பிள்ஸின் பெயர்பெற்ற பழைய கடைகளில்கூட ஒரு மார்கரீட்டா ஐந்தாறு யூரோவுக்குக் கிடைப்பது இதனால்தான். பாஸ்தாவின் கதையும் இதேதான். உலர்ந்த பாஸ்தாவை ட்யூரம் கோதுமை ரவையில் மட்டுமே செய்ய வேண்டும் என்று இத்தாலி 1967இல் சட்டம் போட்டது. வேறு கோதுமையில் செய்த இறக்குமதியைத் தடுக்க முடியாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 1988இல் தீர்ப்பளித்த பிறகும், இத்தாலிய ஆலைகள் தங்கள் நாட்டுச் சந்தைக்கு அந்த விதியின்படியே செய்கின்றன. ஆண்டுக்குத் தலைக்கு ஏறத்தாழ 23 கிலோ பாஸ்தா சாப்பிடும் இத்தாலியர்கள் அதைக் கையால் பிசைந்து செய்வதில்லை. பெரும்பாலும் ஆலைப் பொட்டலத்தைத்தான் பிரிக்கிறார்கள். அதே பொட்டலங்கள் ஜெர்மனியின் மலிவு விலைப் பல்பொருள் அங்காடிகளிலும் அடுக்கியிருக்கின்றன, அரைக் கிலோ ஒன்றிரண்டு யூரோ விலையில்.

அப்படியானால் ஜெர்மனியில் மேசைக்கு வரும்போது விலை ஏன் இவ்வளவு ஏறுகிறது? நியாயமான காரணங்கள் உண்டு. 2015இல் மணிக்கு 8.50 யூரோவாக இருந்த குறைந்தபட்சக் கூலி 2025இல் 12.82 யூரோ ஆனது. உக்ரைன் போருக்குப் பிறகு எரிபொருள் செலவு கூடியது. கொரோனா காலத்தில் 7 சதவீதமாகக் குறைக்கப்பட்ட உணவக வரி 2024, 2025 ஆண்டுகளில் மீண்டும் 19 சதவீதமாக இருந்தது. இந்தச் சுமைகள் எல்லாக் கடைக்கும் பொது. ஒரே தெருவில், ஒரே மாவில், ஒரே தக்காளியில் ஒரு கடை ஒன்பது யூரோவும் இன்னொரு கடை பதினாறு யூரோவும் கேட்டால், இடையிலுள்ள ஏழு யூரோவுக்குக் கூலியும் வரியும் விளக்கம் ஆகாது. அது இடத்துக்கும் அலங்காரத்துக்கும், உணவு அட்டையில் வரிசையாக எழுதிய ஊர்ப்பெயர்களுக்கும் போகும் காசு. ட்ரஃபிள் என்ற அரிய காளானின் பெயரில் விற்கும் எண்ணெயை எடுத்துக்கொள்ளுங்கள். அதை இரண்டு சொட்டு விட்டதும் பாஸ்தாவின் விலை நான்கைந்து யூரோ ஏறிவிடும். அந்த எண்ணெய்களில் பெரும்பாலானவற்றில் மணம் தருவது ஆய்வகத்தில் தயாரான வேதிப்பொருள். அந்தக் காளானுக்கும் அதற்கும் சம்பந்தம் குறைவு. நட்சத்திர ஓட்டலில் இருநூறு ரூபாய்க்கு விற்பதால் மட்டும் ஓர் இட்லி தெருமுனைக் கடை இட்லியைவிட நல்ல இட்லி ஆகிவிடுவதில்லை.

இங்கே வழக்கமான மறுப்பு ஒன்று எழும். மலிவான கடைகளில் கிடைப்பது அசல் இல்லை, அடுப்படியில் நிற்பவர் இத்தாலியரே இல்லை என்பார்கள். அசல் என்பதன் வரலாற்றைக் கொஞ்சம் கிளறினால் இந்த மறுப்பு தாங்காது. ஜெர்மனியின் முதல் பீட்சா கடையை வ்யூர்ட்ஸ்பர்க் நகரில் 1952இல் தொடங்கிய நிக்கோலினோ டி கமிலோ இத்தாலியர்தான். ஆனால் அங்கே முதலில் வந்து சாப்பிட்டவர்கள் அந்த ஊரில் முகாமிட்டிருந்த அமெரிக்கச் சிப்பாய்கள். 1955இல் ஜெர்மனியும் இத்தாலியும் செய்த தொழிலாளர் ஒப்பந்தத்துக்குப் பிறகே தென்னித்தாலியர்கள் கூட்டம் கூட்டமாக ஜெர்மன் ஆலைகளுக்கு வந்தார்கள். வொல்ஃப்ஸ்பர்க்கின் கார் ஆலைக்கு 1962 முதல். அவர்களில் சிலர் ஆலை வேலையை விட்டுக் கடை போட்டார்கள். ஜெர்மனியின் சிற்றூர்களில்கூட ஒரு பீட்சா கடை இருப்பதற்கு அந்தத் தலைமுறைதான் காரணம். இத்தாலியர்கள் உயிராக மதிக்கும், முட்டையும் பன்றிக்கறியும் சேர்த்த கார்பொனாரா பாஸ்தாகூட இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான் எழுத்தில் தென்படுகிறது. அமெரிக்கப் படையின் பன்றிக்கறியும் முட்டையும் அதன் பிறப்பில் பங்கு வகித்தன என்று உணவு வரலாற்றாசிரியர் ஆல்பெர்ட்டோ கிராண்டி சொன்னபோது இத்தாலியில் பெரிய சண்டையே நடந்தது. சமைப்பவரின் கடவுச்சீட்டைப் பொறுத்தவரை, ஜெர்மனிக்கு அடுத்த நாட்டிலேயே தமிழர்களுக்குப் பாடம் இருக்கிறது. சுவிட்சர்லாந்தின் உணவகச் சமையலறைகளில் 1980களிலிருந்து ஈழத்தமிழர்கள் உழைத்திருக்கிறார்கள். பாத்திரம் கழுவத் தொடங்கி அடுப்பைப் பொறுப்பேற்றவர்கள் அவர்களில் உண்டு. ரிசோட்டோ என்ற அரிசிச் சாப்பாட்டைச் சரியான பதத்தில் இறக்கத் தெரிந்த கை எந்த ஊர்க் கையாக இருந்தால் என்ன?

ஆனால் இதை எல்லையில்லாமல் நீட்டவும் கூடாது. எதையும் எப்படியும் மாற்றலாம் என்று சொல்லிவிட்டால் நல்லது, கெட்டது என்ற பேச்சே இல்லாமல் போய்விடும். ஜெர்மனியில் பல கடைகள் கார்பொனாராவில் முட்டைக்குப் பதிலாகப் பாலேட்டை ஊற்றுகின்றன. ‘இத்தாலியில் இப்படிச் செய்வதில்லை’ என்ற பழைய புகாரைவிட அதில் வேறொரு கோளாறு இருக்கிறது. முட்டையைத் திரியாமல் சூட்டில் குழைய வைப்பது கைத்திறன். பாலேடு அந்தத் திறன் இல்லாததை மறைக்கும் பூச்சு. அமெரிக்காவில் குடியேறிய இத்தாலியர்கள் ஸ்பகெட்டியோடு கறி உருண்டைகளைச் சேர்த்தது வேறு வகை மாற்றம். ஊரில் பண்டிகைக்கு மட்டும் கண்ட கறி அங்கே கூலிக்காரர் கைக்கும் எட்டியது, அதனால் தட்டும் மாறியது. கையில் இருப்பதைக் கொண்டு செய்த மாற்றம் இந்தச் சமையலின் குணத்தோடு ஒட்டியது. அரைகுறை வேலையை மறைக்கச் செய்த மாற்றம் ஒட்டாதது. மலிவான கடையை அளக்க இந்தக் கோல் போதும். விலையுயர்ந்த கடையையும் இதே கோலால் அளக்கலாம்.

இரண்டாவது மறுப்பு பொருட்களைப் பற்றியது. நல்ல இத்தாலியப் பொருள் விலை அதிகம், அதைப் பயன்படுத்தினால் மலிவாகக் கொடுக்க முடியாது என்பார்கள். பாதி உண்மை. பார்மிஜானோ ரெஜ்ஜானோ பாலாடைக்கட்டியின் ஒரு சக்கரத்துக்கு ஐந்நூறு லிட்டருக்கு மேல் பால் வேண்டும். குறைந்தது 12 மாதம் பழுக்கவைக்க வேண்டும். விலை அதிகம் என்பதில் வியப்பில்லை. ஆனால் ஒரு தட்டுக்கு வேண்டியது பத்துப் பதினைந்து கிராம் துருவல். கிலோ இருபத்தைந்து யூரோ என்றாலும் ஒரு தட்டுக்கு நாற்பது சென்ட்டுக்கு மேல் போகாது. தகரத்தில் அடைத்த தக்காளியோ இத்தாலியிலிருந்தே வந்தாலும் ஐரோப்பாவெங்கும் மலிவு. சைவர்கள் இங்கே ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். பார்மிஜானோ ரெஜ்ஜானோவில் பாலை உறைய வைப்பது கன்றின் வயிற்றிலிருந்து எடுத்த நொதி. அதன் தயாரிப்பு விதியே அப்படித்தான். கிரானா படானோவும் அதே வகை. மெனுவில் சைவம் என்று போட்டிருந்தாலும், மேலே தூவும் துருவல் கண்டிப்பான சைவருக்கு ஆகாது. இதற்குத் தீர்வு அதிக விலைப் பொருளில் இல்லை. தென்னித்தாலியின் அந்த வறுத்த ரொட்டித்தூளில் இருக்கிறது. நுண்ணுயிரி நொதியில் உறைய வைத்த மொத்ஸரெல்லாவும் கடைகளில் உண்டு. உறையைப் படித்து வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

மூன்றாவது மறுப்பு இவற்றையெல்லாம்விடக் கனமானது. மலிவு என்பது யாரோ ஒருவரின் வயிற்றில் அடித்து வருவது. கணக்கில் வராத கூலி, ஓய்வில்லாத வேலை நேரம், குடியேறிகளைச் சுரண்டுதல் ஆகியவற்றின் மறுபெயர் அது என்பார்கள். இதை ஒதுக்கித் தள்ள முடியாது. உணவகத் தொழிலில் இவை நடக்கின்றன, எல்லா நாட்டிலும் நடக்கின்றன. வெள்ளை விரிப்பும் மெழுகுவர்த்தியும் உள்ள கடைகளிலும் நடக்கின்றன. விலை கூடினால் கூலி கூடும் என்ற உத்தரவாதம் எங்கும் இல்லை. செய்முறையால் வரும் மலிவையும் சுரண்டலால் வரும் மலிவையும் ஓரளவு பிரித்தறியலாம். எட்டுப் பத்து வகை பீட்சா, நான்கைந்து பாஸ்தா, அன்றைக்கு ஒரு சிறப்பு என்று அட்டை சுருக்கமாக இருந்தால், அந்தக் கடை குறைந்த பொருளை வேகமாக விற்றுப் பிழைக்கிறது. நூற்றிருபது வகை எழுதி, அதில் பாதியை உறைபெட்டியிலிருந்து எடுத்துச் சூடாக்கி, அப்படியும் எல்லாவற்றையும் மலிவாகக் கொடுக்கும் கடையில்தான் காசு எங்கிருந்து மிச்சமாகிறது என்று கேட்க வேண்டும்.

ஆகவே தேட வேண்டிய இடமும் முறையும் தெளிவு. சுற்றுலாப் பயணிகள் மொய்க்கும் சதுக்கத்தை விட்டு, மக்கள் குடியிருக்கும் தெருக்களுக்குப் போக வேண்டும். ஜெர்மனியில் பல கடைகள் வேலைநாள் மதியத்தில் மாலை விலையைவிடக் குறைவாக ஒரு சாப்பாடு போடுகின்றன. அதே சமையலறை, அதே கை. ஆலைத் தொழிலாளர்களும் அலுவலகக்காரர்களும் அங்கே திரும்பத் திரும்ப வருகிறார்களா என்று பார்த்தால் போதும். பானம் கடைக்கு நல்ல லாபம் தரும் சரக்கு என்பதையும், குழாய்த் தண்ணீர் தானாக மேசைக்கு வராது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். மலிவான சாப்பாட்டின் ரசீதைப் பல நேரம் ஏற்றிவிடுவது கோப்பைதான். மற்ற நாட்களில் வீட்டு அடுப்பு இருக்கிறது. நூறு கிராம் ஸ்பகெட்டிக்கு ஒரு லிட்டர் தண்ணீர், பத்து கிராம் உப்பு என்பது இத்தாலிய வீடுகளின் கணக்கு. மெல்லிசாக நறுக்கிய பூண்டை ஆலிவ் எண்ணெயில் சிறுதீயில் விட்டு, நிறம் மாறத் தொடங்கும்போதே காய்ந்த மிளகாயைக் கிள்ளிப் போட்டு, வெந்த பாஸ்தாவையும் அது வெந்த மாவுத்தண்ணீரில் ஒரு கரண்டியையும் சேர்த்துக் குலுக்கினால், எண்ணெயும் தண்ணீரும் கூடிப் பளபளப்பாக ஒட்டிக்கொள்ளும். ஒரு யூரோவுக்குள் ஒருவருக்கு வயிறு நிறையும். உணவகத்தில் இதே தட்டு பத்து யூரோவுக்குக் குறையாது.

இத்தாலியச் சமையலை யுனெஸ்கோ 2025 டிசம்பரில் மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுகளில் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது. இந்தப் பெருமையைக் காட்டியே இனி விலைகள் இன்னும் ஏறலாம். வெளிநாட்டுக்குக் கிளம்பும் பிள்ளைகள் மாதச் செலவை எழுதும்போது இத்தாலியச் சாப்பாட்டை ஆடம்பரக் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை. மாவுக்கும் எண்ணெய்க்கும் சமைத்தவர் உழைப்புக்கும் தாராளமாகக் கொடுங்கள். அதற்கு மேல் ஒரு கடை கேட்டால், எதற்கு என்று யோசித்துவிட்டு உட்காருங்கள்.