காது கேட்காமல் போன பாடகர் ஸ்டேடியத்துக்குத் திரும்பியது எப்படி? ஏசி/டிசி கதை

2024 மே 17. ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சென் நகரில், ஷால்கே கால்பந்து அணியின் ஸ்டேடியம். ஸ்கூல் யூனிஃபார்ம், அரை டவுசர், கையில் கிட்டார் என ஒருவர் மேடையில் குதித்துக்கொண்டிருக்கிறார். ஆங்கஸ் யங், அப்போது வயது 69. பக்கத்தில் தொப்பியோடு தொண்டை கிழியப் பாடும் பிரையன் ஜான்சனுக்கு 76.

வயசானவங்க பாடுறது பெரிய அதிசயமா என்று கேட்கலாம். இல்லைதான். ஆனால், ஜான்சன் இனி மேடையே ஏற மாட்டார் என்றுதான் பலரும் நினைத்திருந்தார்கள்.

2016 மார்ச்சில், சுற்றுப்பயணத்தின் நடுவே டாக்டர்கள் அவரைத் தடுத்தார்கள். தொடர்ந்து பாடினால் செவித்திறன் மொத்தமாகப் போய்விடும் என்பது எச்சரிக்கை. மீதமிருந்த நிகழ்ச்சிகளில் கன்ஸ் அண்ட் ரோசஸ் பாடகர் ஆக்ஸல் ரோஸ் பாடினார். அவருக்கும் காலில் அடி. அதனால் ஆரம்ப நிகழ்ச்சிகளில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே!

காதுக்கு என்னதான் ஆகிறது? நம் உள்காதில் ஒலியை நரம்புக்குக் கடத்தும் நுண்ணிய முடிச்செல்கள் இருக்கின்றன. அதிக சத்தத்தில் அவை செத்துப்போனால் மறுபடி முளைக்காது. ஜான்சன் விஷயத்தில் மேடையை மட்டும் குறை சொல்ல முடியாது, கார் ரேஸ் பழக்கமும் ஒரு காரணம். பிறகு, காதுக்குள் பொருத்தும் புதிய வகைக் கருவி ஒன்றின் உதவியோடு பயிற்சி எடுத்துத்தான் 2020-ல் 'பவர் அப்' ஆல்பத்துக்கும், 2023 அக்டோபரில் கலிஃபோர்னியா மேடைக்கும் திரும்பினார்.

சரி, அது பாடகரின் காது. கேட்க வருபவர்களின் காது? ஸ்டேடியத்தில் ஒலி ஒரு தனிப் பிரச்னை. ஒலி ஒரு நொடிக்குச் சுமார் 343 மீட்டர்தான் போகும். மேடையிலிருந்து 100 மீட்டர் தள்ளி நிற்பவருக்கு, டிரம் அடிப்பது திரையில் தெரிந்து கிட்டத்தட்ட 0.3 நொடி கழித்துத்தான் சத்தம் வரும். அதற்காக மைதானத்தின் நடுவே கோபுரம் அமைத்து, கணக்குப் போட்டுத் தாமதப்படுத்திய ஒலியை அங்கிருந்து விடுகிறார்கள். முன்வரிசைக்காரர்களின் காதைக் கிழிக்காமல் கடைசி வரிசை வரை சேர்க்கும் வழி இதுதான். இசை அரங்குகளில் சராசரி ஒலி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது, பார்வையாளர்களுக்குக் காதடைப்பான் கிடைக்கச் செய்ய வேண்டும் என்று 2022-ல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது.

ரசிகர்களுக்குள் நடக்கும் சண்டை வேறு. இது அதே பேண்ட்தானா? 1973-ல் சிட்னியில் தொடங்கியவர்களில் ஆங்கஸ் மட்டுமே மிச்சம். ரிதம் கிட்டாரின் முதுகெலும்பான அண்ணன் மால்கம், டிமென்ஷியாவால் 2014-ல் விலகி, 2017-ல் இறந்தார். அவர் இடத்தில் இப்போது அண்ணன் மகன் ஸ்டீவி யங். மால்கமின் மகன் அல்ல, இன்னொரு அண்ணனின் மகன். டிரம்ஸ், பேஸ் இரண்டிலும் புது ஆட்கள்.

என்னைக் கேட்டால் இது அதே பேண்ட்தான். பாடகர் பான் ஸ்காட் 1980 பிப்ரவரியில் இறந்தபோதும் இதே கேள்வி வந்தது. சில மாதங்களிலேயே ஜான்சனை வைத்து 'பேக் இன் பிளாக்' வெளியிட்டார்கள். அமெரிக்காவில் மட்டும் இரண்டரைக் கோடிப் பிரதிகளைத் தாண்டிய ஆல்பம் அது! இன்னைக்கு 'ஒரிஜினல் பாடகர்' மாதிரி கொண்டாடப்படும் ஜான்சனே மாற்று ஆளாக வந்தவர்தானே?

குரல் பழையபடி இருக்கிறதா? இல்லை. நான் பார்த்ததெல்லாம் யூடியூப் வீடியோக்கள்தான், அதிலேயே உச்ச ஸ்தாயியில் அவர் திணறுவது தெரிகிறது. 'லெட் தேர் பி ராக்' பாட்டில் ஆங்கஸின் கிட்டார் சோலோ நிமிடக்கணக்கில் நீள்வது ரசிகர்களுக்கு விருந்து. ஜான்சனுக்கு மூச்சு வாங்கிக்கொள்ளக் கிடைக்கும் இடைவெளியும் அதுதான் என்று தோன்றுகிறது. அவர் விடும் இடங்களைக் கூட்டம் பாடி நிரப்பிவிடுகிறது.

2025 நவம்பரில் சொந்த ஊரான ஆஸ்திரேலியாவுக்குப் போய், மெல்போர்ன் கிரிக்கெட் மைதானத்திலும் வாசித்தார்கள். கடைசிப் பாட்டுக்கு வழக்கம்போல மேடையில் பீரங்கிகள் முழங்கின. ஜான்சனுக்கு அப்போது 78.