பெட்ரோல் குடிக்கும் பழைய கார்

“அண்ணாச்சி, வண்டி ரொம்பக் குடிக்குது.” தாராவி 90 அடி சாலைப் பக்கத்து ஒர்க்‌ஷாப்புகளில் பழைய கார் பற்றிய புகார் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும். சைலன்சரில் கறுப்புப் புகை, பிளக்கில் கரி, பெட்ரோல் நெடி என்று மற்ற விவரங்கள் பின்னால் வரும். மும்பையில் 2021 மே மாதமே லிட்டருக்கு 100 ரூபாயைத் தாண்டிய பெட்ரோலைப் புகையாக விட யாருக்கும் மனம் வராது. போதாததற்கு, பி.யு.சி. சான்றிதழ் இல்லாத வண்டிக்கு 2019ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி 10,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம்.

நோய் தெரிகிறது. சிக்கல் வைத்தியத்தில். முதலில் ஆக்சிஜன் சென்சாரை மாற்றுவார்கள். புகை நிற்காது. அடுத்து இன்ஜெக்டரைச் சுத்தம் செய்வார்கள். கடைசியில் எஞ்சினின் கம்ப்யூட்டர் மீது பழி விழும். காரின் விலையில் கணிசமான பகுதி செலவான பிறகு சொந்தக்காரர் சோர்ந்துபோய் வண்டியைக் காயலான் கடைக்கு அனுப்புகிறார். இத்தனைக்கும் கோளாறு பெரும்பாலும் சில நூறு ரூபாய்ப் பாகத்தில்தான் இருக்கும்.

இந்தக் குழப்பத்துக்கு ஒரு வரலாறு உண்டு. மும்பை மெக்கானிக்குகளின் தலைமுறை ஒன்று பிரீமியர் பத்மினி டாக்சியில் தொழில் பழகியது. கார்புரேட்டர் திருகை ஸ்குரூடிரைவரால் திருப்பி, எஞ்சின் சத்தத்தைக் காதால் கேட்டே சரிசெய்துவிடுவார்கள். அந்த டாக்சிகளில் கடைசி வண்டியும் 2023 அக்டோபரில் ஓய்வுபெற்றது. காற்று மாசு பற்றிய கவலை அதற்கு வெகு முன்பே எஞ்சினை மாற்றியிருந்தது. 1995ல் நான்கு பெருநகரங்களுக்கு ஈயமில்லா பெட்ரோல் வந்தது. சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் தயாரான ஹூண்டாய் சான்ட்ரோ, எம்.பி.எஃப்.ஐ. எஞ்சினுடன் 1998ல் வந்தது. பிறகு மாருதி 800க்கும் அதே ஏற்பாடு கிடைத்தது. சுத்திகரிப்பு ஆலைகளின் பக்கத்தில் வாழும் செம்பூர்க்காரர்களுக்கு இதன் அருமையை விளக்க வேண்டியதில்லை.

எம்.பி.எஃப்.ஐ. எஞ்சினில் திருகு இல்லை, கணக்குதான் இருக்கிறது. ஒரு கிராம் பெட்ரோல் முழுதாக எரிய சுமார் 14.7 கிராம் காற்று வேண்டும். எவ்வளவு காற்று வருகிறது, எஞ்சின் எவ்வளவு சூடாக இருக்கிறது என்று சென்சார்கள் சொல்ல, இன்ஜெக்டர் எவ்வளவு நேரம் திறக்க வேண்டும் என்று கம்ப்யூட்டர் தீர்மானிக்கிறது. புகைக்குழாயில் உள்ள ஆக்சிஜன் சென்சார் விளைவைப் பார்த்துத் திருத்தம் சொல்கிறது. கம்ப்யூட்டருக்குக் கண் கிடையாது. சொன்னதை நம்பும். தவறான தகவல் போனால் தவறான அளவு பெட்ரோல் வரும். எனவே கேட்க வேண்டிய கேள்வி “எந்தப் பாகம் கெட்டது?” என்பதல்ல, “கம்ப்யூட்டருக்குப் பொய் சொல்வது யார்?” என்பதே.

விசாரணையை பி.யு.சி. சீட்டிலிருந்தே தொடங்கலாம். பலர் அதில் தேறியதா இல்லையா என்று மட்டும் பார்க்கிறார்கள். அதிலுள்ள எண்கள்தான் முக்கியம். பாரத் ஸ்டேஜ் 2, 3 பெட்ரோல் கார்களுக்கு கார்பன் மோனாக்சைடு 0.5 சதவீதம், ஹைட்ரோகார்பன் பத்து லட்சத்தில் 750 பங்கு என்பது வரம்பு. கார்பன் மோனாக்சைடு எகிறியிருந்தால் காற்றைவிடப் பெட்ரோல் அதிகம். அது அளவாக இருந்து ஹைட்ரோகார்பன் மட்டும் ஏறியிருந்தால் பெட்ரோல் எரியாமலே வெளியேறுகிறது. அப்போது பிளக், இக்னிஷன் ஒயர் பக்கம் பார்க்க வேண்டும். கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் தேய்ந்திருந்தால் இரண்டும் கொஞ்சம் உயரலாம்.

பெட்ரோல்தான் அதிகம் என்று உறுதியானால் அடுத்த சந்தேகம் தெர்மோஸ்டாட் மீது. எஞ்சின் சூடாகும்வரை ரேடியேட்டர் பக்கம் தண்ணீரை விடாமல் தடுக்கும் சிறு வால்வு இது. “நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு?” என்று கழற்றி எறிவது நாடு முழுவதும் உள்ள பழக்கம். கார்புரேட்டர் காலத்தில் அதனால் பெரிய பாதகம் தெரியவில்லை. இன்ஜெக்ஷன் எஞ்சினிலோ தண்ணீர் போதிய சூட்டை எட்டாது. காலையில் இப்போதுதான் ஸ்டார்ட் ஆனது என்று நினைத்து கம்ப்யூட்டர் நாள் முழுக்க பெட்ரோலைக் கூட்டி ஊற்றும். மாதுங்காவிலிருந்து செம்பூர் வரை ஓட்டிய பிறகும் டெம்பரேச்சர் முள் கீழேயே படுத்திருந்தால் குற்றவாளி அநேகமாக அகப்பட்டாயிற்று.

முள் சரியாக இருந்தால், கம்ப்யூட்டருக்குத் தகவல் தரும் தண்ணீர்ச்சூட்டு சென்சாரை மல்டிமீட்டரால் அளக்க வேண்டும். பல கார்களில் டயல் முள்ளுக்கு வேறு சென்சார் என்பதால் முள்ளை மட்டும் நம்ப முடியாது. பெரும்பாலான சென்சார்கள் 20 டிகிரியில் 2,000 ஓம்ஸுக்கு மேலும், 80 டிகிரியில் 300 ஓம்ஸ் அளவிலும் காட்டும். சூடான எஞ்சினிலும் ஆயிரக்கணக்கில் காட்டினால் அதுதான் பொய்யர். மும்பை மழைக்காலம் கனெக்டர் பின்களில் பச்சை படிய வைப்பதால் முதலில் அதைச் சுத்தம் செய்து பார்ப்பது நல்லது.

அடுத்து பெட்ரோல் பிரஷர் ரெகுலேட்டர். அதிலிருந்து வாக்குவம் ஹோஸ் போகும் கார்களில் ஹோஸைக் கழற்றி முகர்ந்தால் போதும். உள்ளே பெட்ரோல் ஈரம் இருந்தால் டயாபிரம் கிழிந்திருக்கிறது. எஞ்சினை அணைத்ததும் பிரஷர் மளமளவென்று இறங்கினால் இன்ஜெக்டர் சொட்டுகிறதா என்பதும் சோதனைக்குரியது. காற்றழுத்தம் அளக்கும் மேப் சென்சாரின் ரப்பர்க் குழாயில் வெடிப்பு இருந்தாலும் கணக்கு கெடும்.

ஆக்சிஜன் சென்சாரின் முறை கடைசியில்தான். நல்ல சென்சார், சூடான எஞ்சினில் 0.1க்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே ஓயாமல் ஏறி இறங்கும். புகை கறுப்பாக இருக்கும்போது அது 0.8க்கு மேலேயே நின்றால் சென்சார் உண்மை பேசுகிறது, தவறு வேறிடத்தில். 0.1லேயே நின்றால் சென்சார் கெட்டிருக்கலாம். அதற்கும் முன்னால் புகைக்குழாயில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சென்சார் அளப்பது ஆக்சிஜனைத்தானே தவிர பெட்ரோலை அல்ல. ஓட்டை வழியே வெளிக்காற்று புகுந்தாலும், ஒரு சிலிண்டரில் நெருப்புப் பிடிக்காமல் காற்று அப்படியே வெளியேறினாலும் “பெட்ரோல் போதவில்லை” என்று அது சொல்லும். கம்ப்யூட்டரும் நம்பி மேலும் ஊற்றும். புது சென்சார் போட்டும் பயன் கிடைக்காததன் ரகசியம் இதுதான்.

இப்போது புதிய சந்தேகம் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் மீது. எத்தனாலிலேயே ஆக்சிஜன் இருப்பதால் கலவையைக் காற்று மிகுந்த பக்கம்தான் அது தள்ளும். கறுப்புப் புகைக்கு அதை நேரடிக் குற்றவாளியாக்க முடியாது. ஆனால் எத்தனாலுக்காகச் செய்யப்படாத பழைய ரப்பர் பாகங்கள் சீக்கிரம் கெடலாம் என்பதால் ஹோஸ்களைக் கவனிக்க வேண்டும்.

எஞ்சினைச் சோதிக்கும் ஸ்கேனர் கருவியைப் பற்றி ஒரு வார்த்தை. இந்தியக் கார்களில் கோளாறை உணர்ந்து தெரிவிக்கும் ஓ.பி.டி. ஏற்பாடு 2010லிருந்துதான் கட்டாயமானது. அதற்கு முந்திய வண்டிகள் பலவற்றில் பொதுவான ஸ்கேனர் பேசாது. மல்டிமீட்டர், பிரஷர் கேஜ், மூக்கு ஆகியவையே கருவிகள்.

தள்ளிப்போடுவதும் ஆபத்து. அதிகப் பெட்ரோல் சிலிண்டர் சுவரின் ஆயிலைக் கழுவி எஞ்சினைத் தேய்க்கும், கன்வர்ட்டரை வேகவைக்கும். மழைக்காக மூடிய பார்க்கிங்கில் இத்தகைய எஞ்சினை ஓடவிட்டு உட்கார்ந்திருப்பது உயிருக்கே உலை. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது.

அடுத்த முறை ஒர்க்‌ஷாப்பில் யாராவது சென்சாரை மாற்றச் சொன்னால் ஒரு கேள்வி போதும்: “தெர்மோஸ்டாட் இருக்குதா அண்ணாச்சி?”