எனக்கு என்ன பிரயோசனம்?

நம்மவர்களிடம் ஒரு கேள்வி எப்போதும் தயாராக இருக்கிறது. புதிதாக ஏதாவது ஒரு சங்கதி காதில் விழ வேண்டியதுதான், சட்டைப் பையிலிருந்து சில்லறையை எடுப்பதுபோல் அதை எடுத்து நீட்டிவிடுவார்கள்: "அதெல்லாம் இருக்கட்டும் ஸார், இதனால் நமக்கு என்ன பிரயோசனம்?" சந்திரனுக்குக் கலம் அனுப்பினாலும் இதே கேள்வி, கடலடியில் ஆராய்ச்சி என்றாலும் இதே கேள்வி. கடைத்தெருவில் புது மாதிரிச் செல்போன் வந்து இறங்கினால் மட்டும் இந்தக் கேள்வி எழுவதே இல்லை! பையில் கிடக்கும் பழைய போன் நன்றாகத்தான் பேசிக்கொண்டிருக்கும். ஆனாலும் புதியதை வாங்கிவிடுவார்கள். பிரயோசனத்தைப் பிறகு சாவகாசமாகத் தேடிக்கொள்வார்கள்.

இதைக் கேட்கிறவர் தம்மை மிகவும் விவரமானவர் என்று எண்ணிக்கொள்கிறார். எதிரே இருப்பவர் வாயடைத்துப் போவதைக் கண்டு திருப்தியும் அடைகிறார். எனக்கோ இந்தக் கேள்வியின்மேல் வெகுகாலமாகக் கோபம் உண்டு. அதைக் கொட்டித் தீர்ப்பதற்கு ஓர் ஊர் அகப்பட்டிருக்கிறது. அந்த ஊரின் பெயர் பொட்டிபுரம்.

தேனி மாவட்டத்தில், போடிநாயக்கனூருக்குப் பக்கத்தில், ஏலமலையின் அடிவாரத்தில் கிடக்கும் சிறு கிராமம் அது. ஆடு மாடு மேய்க்கிறவர்களும், மானாவாரி வெள்ளாமை பார்க்கிறவர்களும், விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்து ஏறிப் போடிமெட்டு வழியாக ஏலத்தோட்டத்துக் கூலி வேலைக்குப் போகிறவர்களும் வாழ்கிற சீமை. அங்கேயுள்ள மலையைச் சுமார் 2 கிலோமீட்டர் தூரம் குடைந்து, உள்ளே 132 மீட்டர் நீளமும் 26 மீட்டர் அகலமும் 20 மீட்டர் உயரமுமாக ஒரு குகை அமைத்து, அதில் 50,000 டன் இரும்புத் தகடுகளை அடுக்கிக் காந்தமாக்கி, நியூட்ரினோ என்ற நுண்துகளை ஆராய்வது என்று ஒரு திட்டம். 2015 ஜனவரியில் சுமார் 1,500 கோடி ரூபாய்ச் செலவுக்கு மத்திய மந்திரிசபை சம்மதம் கொடுத்தது. அன்றிலிருந்து மதுரைக் கோர்ட்டிலும், பசுமைத் தீர்ப்பாயத்திலும், சுப்ரீம் கோர்ட்டிலும் வழக்கு. ஊர் ஊராக ஊர்வலம். டீக்கடை தோறும் வாதப் பிரதிவாதம்.

நான் விஞ்ஞானம் படித்தவன் அல்லன். கல்லூரிப் படிகளில் கொஞ்ச தூரம் ஏறிவிட்டுப் பட்டம் வாங்காமல் இறங்கி வந்தவன். ஆயினும், ஒரு மலைக்காக இவ்வளவு பேர் சண்டையிடும்போது, சண்டை எதைப் பற்றியது என்று தெரிந்துகொள்ளப் பட்டம் அவசியமில்லை. கொஞ்சம் பொறுமையாகப் படித்தால் போதும்.

அப்படி ஒரு துகள் இருக்க வேண்டும் என்று பௌலி என்ற விஞ்ஞானி 1930-ல் ஊகித்தார். 1956-ல்தான் அது அகப்பட்டது. சூரியனுக்குள்ளே நடக்கும் அணுச் சேர்க்கையில் அது பிறக்கிறது. நம் விரல் நகம் ஒன்றின் வழியாக மட்டும் ஒரு விநாடிக்குச் சுமார் 6,500 கோடி நியூட்ரினோக்கள் புகுந்து போகின்றன. இரவானால் பூமியைத் துளைத்துக்கொண்டு நம் பாயின் அடிப்புறத்திலிருந்து வருகின்றன. யாரையும் தொடுவதில்லை, எதையும் சுடுவதில்லை. எதிலும் அநேகமாக ஒட்டாமல் போகிற இந்தச் சந்நியாசியைப் பிடிப்பதற்குத்தான் மலை வேண்டியிருக்கிறது. வானத்திலிருந்து ஓயாமல் பொழியும் மற்றத் துகள்களின் இரைச்சலைப் பாறை தடுத்துவிடும். கல்யாண மேளத்துக்கு நடுவே கொலுசுச் சத்தம் கேட்க வேண்டுமானால் கதவைச் சாத்தத்தானே வேண்டும்? அந்தக் கதவுதான் மலை.

இனி, டீக்கடை வாதங்களுக்கு வருவோம். ஒரு கட்சியார், கதிரியக்கம் வந்துவிடும் என்றார்கள். மலை அணுக்கழிவுக் கிடங்காகிவிடும் என்றார்கள். அமெரிக்காவிலிருந்து பூமிக்குள்ளாகவே நியூட்ரினோவை ஆயுதமாக ஏவுவார்கள் என்றுகூடச் சொன்னார்கள். காலம் காலமாக நம்மை ஊடுருவிப் போய்க்கொண்டிருக்கிற ஒன்றைக் காட்டிக் கிராமத்துத் தாய்மார்களைப் பயமுறுத்தினார்கள்.

எதிர்க் கட்சியார் மட்டும் சளைத்தவர்களா? வேலை வரும், சாலை வரும், மருத்துவத்துக்கு உபயோகப்படும் என்று ஆசை காட்டினார்கள். "உலகம் எப்படி ஆகியிருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறோம்" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்ல அவர்களில் பலருக்குக் கூச்சம். ஏன் கூச்சம்? "அதனால் எனக்கு என்ன பிரயோசனம்?" என்ற கேள்வி முன்னால் வந்து நிற்குமே என்ற பயம். ஒரு பக்கம் பயத்தை விற்றார்கள். மறு பக்கம் சௌகரியத்தை விற்றார்கள். இரண்டு கடையிலும் உண்மைக்கு மட்டும் விலை போகவில்லை.

சௌகரியத்தை நான் இகழ்கிறேன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். போடிக்கு ரயில் நின்றுபோனது 2010-ன் கடைசியில். அகலப் பாதையில் அது திரும்பி வந்தது 2023 ஜூனில். பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் ரயிலில்லாமல் காத்திருந்த ஊர் ரயிலைக் கண்டு சந்தோஷப்பட்டதைப் பரிகசிக்கிறவன் மனுஷனே அல்லன். என் சண்டை சௌகரியத்தோடு அல்ல. சௌகரியத்துக்கு ஒரு படி, அறிவுக்கு ஒரு படி என்று இரண்டு படி வைத்து அளக்கிறோமே, அந்தக் கள்ளத்தனத்தோடுதான்.

பாருங்கள். அதே மலைத்தொடரில், போடிமெட்டிலிருந்து மூணாறு போகும் சாலையை அகலமாக்கினார்கள். அந்த வேலையின்போது 2019-ல் கேப் ரோடு பகுதியில் மலை பெரிதாகச் சரிந்து விழுந்தது. நம்மில் எத்தனை பேர் பதைத்தோம்? சாலை முடிந்ததும் காரை எடுத்துக்கொண்டு போய், வளைவுக்கு வளைவு நிறுத்திப் படம் பிடித்துக்கொண்டு வந்தோம். நம் வீட்டுச் சுவருக்குள் இருக்கும் ஜல்லியும் தரையில் பதித்த கிரானைட்டும் எந்த மலையிலிருந்து வந்தன என்று கேட்டோமா? குகைக்குள் வாயு நிரப்பப் போகிறார்கள் என்றதும் திடுக்கிட்டோம். அதில் பெரும் பங்கு ஆர்-134ஏ என்ற வாயு. பூமியைச் சூடாக்கும் வாயுதான், சந்தேகமில்லை. ஆனால் காரின் ஏர்கண்டிஷனருக்குள்ளும் வீட்டுக் குளிர்பெட்டிகளுக்குள்ளும் வெகுநாளாகக் குடியிருக்கிற அதே வாயு! குகைக்குள் அது விஷம். கூடத்தில் அது சுகமா?

இதைவிடப் பெரிய சாட்சி ஒன்று உண்டு: கோலார் தங்கவயல். பூமிக்குள் 3 கிலோமீட்டருக்கும் கீழே அந்தச் சுரங்கத்தைத் தோண்டி இறங்கியவர்களில் பெரும்பாலோர் நம் தமிழ்நாட்டுக் கூலிகள். யாருக்காக? நம் கழுத்துக்கும் காதுக்கும். தங்கம் தோண்டிய அந்தப் பள்ளத்தில், 1965-ல், சுமார் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், பம்பாய் டாட்டா ஆராய்ச்சிக் கழகத்தாரும் ஜப்பானிய, ஆங்கிலேய விஞ்ஞானிகளும் சேர்ந்து கருவிகளை வைத்தார்கள். காற்று மண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோவின் தடத்தை உலகத்தில் முதன்முதலாகக் கண்டு வெளியிட்டவர்கள் அவர்கள்தாம். அதே வருஷம் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றிலும் அந்தத் தடம் தென்பட்டது. 2001-ல் தங்கவயலை மூடினார்கள். சயனைடு கலந்த மண்மேடுகள் குன்று குன்றாக இன்றும் அங்கே நிற்கின்றன. காற்றடித்தால் தூசி ஊருக்குள் வருகிறது. அந்த மேடுகளை உண்டாக்கியது நியூட்ரினோ அல்ல, நகை ஆசை. அந்த நகையைப் பார்த்து, "இதனால் என்ன பிரயோசனம்?" என்று எந்த வீட்டிலாவது கேட்டது உண்டா?

அப்படியானால் பொட்டிபுரம் மலையைக் குடைய வேண்டியதுதான் என்கிறாயா என்று வாசகர்கள் கேட்கலாம். அவசரப்பட வேண்டாம். ஆய்வுக்கூடத்தைக் கோயிலாக நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறவன் நான் அல்லன். இத்தாலியில் கிரான் சாஸோ மலைக்குள், நெடுஞ்சாலைச் சுரங்கத்தை ஒட்டி, இதே மாதிரி ஒரு பெரிய ஆய்வுக்கூடம் இருக்கிறது. 2002-ல் அங்கிருந்து ரசாயனத் திரவம் கசிந்து ஓடைத் தண்ணீரில் கலந்தது. படித்தவன் கையிலும் குழாய் ஒழுகும். ஆகையால் பயப்பட வேண்டியதற்குப் பயப்படுவதே புத்தி.

பொட்டிபுரத்திலும் அப்படிப்பட்ட மெய்யான காரணங்கள் இருக்கின்றன. லட்சக்கணக்கான டன் பாறையை வெடி வைத்து உடைத்து எடுக்க வேண்டும். கேரளத்து மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா அங்கிருந்து 5 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. இதைச் சரியான முறையில் ஆராயாமல் அனுமதி கொடுத்தார்கள் என்றுதான் 2017 மார்ச்சில் பசுமைத் தீர்ப்பாயம் அந்த அனுமதியை நிறுத்தி வைத்தது. மறு வருஷமே விசேஷக் காரணம் காட்டி மறுபடியும் அனுமதி பிறந்தது. 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. புலிகள் நடமாடும் வழி இது, ஆகவே திட்டம் வேண்டாம் என்று 2022-ல் தமிழ்நாடு அரசு சுப்ரீம் கோர்ட்டில் சொல்லிவிட்டது. சுரங்கம் தோண்டப்படவில்லை.

புலியின் வழி என்பது மரியாதையான காரணம். அதைக் கேட்டுத் தலை வணங்க எனக்கு ஆட்சேபம் இல்லை. இதற்கு முன் நீலகிரியில் சிங்காராவைத் தேர்ந்தெடுத்தார்கள். முதுமலைக் காப்பகத்தை ஒட்டிய இடம் என்று 2009-ல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் மறுத்தது. அவர்களும் வேறு மலை தேடிப் போனார்கள். உண்மையான காரணத்துக்கு அவ்வளவு சக்தி உண்டு. அது கையில் இருக்கும்போது பொய்ப் பயம் எதற்கு? நாளைக்கு மெய்யாகவே ஒரு விஷத் தொழிற்சாலை அந்த அடிவாரத்துக்கு வரும். அன்றைக்கு "ஆபத்து!" என்று கூவினால், "முன்னேயும் இப்படித்தான் சொன்னீர்கள்" என்று ஜனங்கள் திரும்பிப் படுத்துக்கொள்வார்கள். நல்ல காரியத்துக்காகச் சொன்ன பொய்யும் அடுத்த நல்ல காரியத்தின் கழுத்தை அறுக்கிறது.

அந்தப் பக்கத்து ஆட்டுக்காரர் ஒருவரோடு வேலி ஓரமாக நின்று பேசிக்கொண்டிருந்தேன். அவர் கதிரியக்கத்தைப் பற்றியும் பேசவில்லை. பிரயோசனத்தைப் பற்றியும் பேசவில்லை. "பூமிக்குள்ள என்னத்தையோ தேடுறாகளாம், தேடட்டும்ணே. வேலி போட்டுட்டா எங்க ஆட்டை மேல மேய விடுவாகளா, மாட்டாகளா? அதைக் கேட்டா ஆளுக்கு ஒண்ணு சொல்றாக" என்றார். இத்தனை வருஷத்து வாதத்தில் நான் கேட்ட மிக நாணயமான கேள்வி அது. 'எனக்கு என்ன பிரயோசனம்?' என்பதும் இதுவும் ஒன்றல்ல. அவர் லாபம் கேட்கவில்லை. தம் வாழ்வுக்கு உத்தரவாதம் கேட்டார். அதற்கு அவருடைய பாஷையில், அவர் முகத்தைப் பார்த்து, முன்கூட்டியே பதில் சொல்லியிருக்க வேண்டியது விஞ்ஞானிகளின் கடமை. அறிவுக்காக மலை கேட்கிறவனுக்கு, மலையடியில் இருப்பவனிடம் முதலில் போய்ச் சொல்லும் பணிவு வேண்டாமா?

சீனாவில், ஜியாங்மென் நகருக்கு அருகே பூமிக்கடியில் 20,000 டன் திரவத்தை நிரப்பிக்கொண்டு, 2025 ஆகஸ்டில் ஓர் ஆய்வுக்கூடம் வேலையைத் தொடங்கிவிட்டது. நியூட்ரினோ வகைகளில் எது கனமானது, எது லேசானது என்று பொட்டிபுரத்தில் தேட நினைத்த அதே விடையை அங்கே தேடுகிறார்கள். அந்தச் செய்தி நம் பத்திரிகையிலும் ஒரு நாள் வரும். அதைப் படித்துவிட்டு, "இதனால் எனக்கு என்ன பிரயோசனம்?" என்று யாராவது கேட்கத்தான் போகிறார்கள்.

அவர்களுக்கு ஒரு வார்த்தை. நாவல் எழுதிப் பிழைக்கிறவன் நான். என் கதையைப் படித்து எவருக்கும் சம்பளம் உயர்ந்ததில்லை, வயிற்றுவலி தீர்ந்ததில்லை. ஆனாலும் நீங்கள் படிக்கிறீர்கள். அடுத்த வீட்டுக்காரன் மனசில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள மனுஷனுக்கு ஒரு தாகம் இருக்கிறது; சூரியன் வயிற்றில் என்ன நடக்கிறது என்று கேட்பதும் அதே தாகம்தான். பிரயோசனம் என்ற படியால் அளந்து அதைத் தடுக்கிற நாட்டில் அடுத்தபடியாக மூடப்படுவது வாசகசாலை.

மலையைக் காப்பாற்றுங்கள், நானும் கூட வருகிறேன். ஆனால் ஆராய்ச்சிக்காரனிடம் மட்டுமல்ல, கல் குவாரிக்காரனிடமும், மலை உச்சியில் விடுதி கட்டுகிறவனிடமும், வார விடுமுறைக்கு அங்கே அறை எடுக்கிற நம்மிடமும் அதே கண்டிப்போடு கணக்குக் கேளுங்கள். அப்படிக் கேட்கத் துணிவில்லாதவர்கள் புலியின் பெயரைச் சொல்லி ஊர்வலம் போக வேண்டாம்.