வீட்டுக் கணினி: பட்டியலில் சென்னை ஏன் இல்லை?

நம் சங்கத்து அன்பர்களின் இல்லங்கள் சிலவற்றில் டெபியன் என்னும் இலவச இயக்குதளம் கொண்ட கணினிகள் உள்ளன. வெளியூர் செல்லும் பிள்ளைகள், பழைய மடிக்கணினியில் அதனை நிறுவித் தந்துவிட்டுச் சென்றிருப்பர். பின்னர் ஒருநாள், மாலை ஆறு மணிக்குக் கணினி பன்னிரண்டரை என்று காட்டுகின்றது எனக் குறை எழும். அனைத்தையும் அழித்துப் புதிதாக நிறுவுமாறு கூறுவோர் உண்டு. அவ்வாறு செய்து பேரக் குழந்தைகளின் படங்களை இழந்த குடும்பம் ஒன்றை யாம் அறிவோம். முற்றிலும் வேண்டாத வேலை அது!

மென்பொருள் தொகுப்புகள் நிறுவப்படும்போது சில வினாக்களை எழுப்பி, விடைகளை டெப்கான்ஃப் என்னும் பதிவேட்டில் குறித்துக்கொள்கின்றன. வினாக்களுக்கு நான்கு தரங்கள் உண்டு. மேலிரண்டு தரத்தனவே வழக்கமாகக் கேட்கப்படும். ஏனையவற்றிற்குக் கணினி தானே விடை இட்டுக்கொள்ளும். தாழ்ந்த தரத்து வினாக்களையும் சேர்த்து மறுமுறை கேட்கச் செய்யும் கட்டளையே 'டிபிகேஜி-ரீகான்ஃபிகர்'.

டெர்மினலைத் திறந்து, ஆங்கிலச் சிற்றெழுத்துகளில், நிர்வாக அதிகாரம் தரும் 'சூடோ' என்பதை முதலிலும், இக்கட்டளையை அடுத்தும், தொகுப்பின் பெயரை இறுதியிலும் இடைவெளிவிட்டு எழுதுக. நேரத்திற்குரிய தொகுப்பு 'டிஇசட்டேட்டா'. கடவுச்சொல்லைக் கேட்கும், தட்டச்சிடுகையில் திரையில் ஒன்றும் தோன்றாது, அஞ்சற்க. பின்னர் ஆசியாவைத் தேர்ந்து, அடுத்த பட்டியலில் கொல்கத்தாவைத் தேர்க.

சென்னையைத் தேடினால் கிட்டாது. 1970 முதல் ஒரே நேரத்தைப் பின்பற்றும் வட்டாரத்திற்கு ஒரு பெயர் போதும் என்பதும், அங்கு மக்கள்தொகை மிக்க நகரின் பெயரை இடுவதும் அப்பட்டியலின் பொது வழக்கம். ஆகவே மதுரையில் உள்ள உறவினரும் நம் நகரின் பெயரையே தேர்ந்தாக வேண்டும்! ஆயினும் சென்னைக்கு அங்கு இடமில்லாமற் போகவில்லை. கொல்கத்தா என்ற அதே பதிவினுள், 1906 ஜனவரி 1-க்கு முற்பட்ட காலத்திற்கு 5 மணி 21 நிமிடம் 10 விநாடி என்னும் சென்னை நேரமே குறிக்கப்பட்டுள்ளது. அந்நாளில் இந்திய இரயில்வேக்கள் சென்னை நேரப்படி ஓடின. இரயில்வே ஊழியனாகிய எமக்கு இது பெருமகிழ்ச்சி. கல்கத்தாவோ, இந்திய நேரம் 1906-இல் வந்த பின்னரும், தன் சொந்த நேரத்தை 1948 வரை விடவில்லை.

இனித் தமிழ். தொகுப்பின் பெயர் இருந்த இடத்தில் 'லோக்கேல்ஸ்' என எழுதின் நீண்ட பட்டியல் வரும். 'டிஏ' எனத் தொடங்கி 'ஐஎன்' என முடிவது இந்தியத் தமிழ். 'எல்கே' என முடிவது இலங்கைத் தமிழ். வங்கமொழியில் பயிலும் குழந்தைகளுக்காக 'பிஎன்' எனத் தொடங்குவதையும் சேர்க்கலாம். இடைவெளிப் பொத்தானை அழுத்தினால் உடுக்குறி விழும். இயல்பு மொழி எதுவென அடுத்து வினவப்படும். தமிழைத் தேர்ந்தாலும், மொழிபெயர்க்கப்படாத சொற்றொடர்கள் ஆங்கிலத்திலேயே நிற்கும். எழுத்துகள் கட்டங்களாகத் தோன்றின் குறை எழுத்துருவில் உள்ளது. அதற்கு இக்கட்டளை உதவாது, தமிழ் எழுத்துருத் தொகுப்பைத் தனியே நிறுவ வேண்டும். கணினியினின்று வெளியேறி மீண்டும் நுழைந்த பின்னரே மொழி மாற்றம் புலப்படும்.