ஃபோமட் அடிக்க முதல் ஒரு நிமிடம் நில்லுங்கள்

பருத்தித்துறை உறவுகளே, இது கொஞ்சம் நீண்ட பதிவு. கோபத்தில்தான் எழுதுகிறோம். நீங்கள் ஆறுதலாக வாசியுங்கள்.

போன தவணை நாங்கள் படிப்பிக்கும் கணினி அறையில் நடந்தது இது. லினக்ஸ் மின்ட், எக்ஸ்எஃப்சிஈ பதிப்பு போட்டிருந்த பழைய கொம்பியூட்டர் ஒன்றில், திறந்த விண்டோக்களின் மேல்பட்டை எல்லாம் காணாமல் போய்விட்டது. மூடவும் முடியாது, இழுக்கவும் முடியாது. அன்று நாங்கள் லீவு. "லினக்ஸ் பழுதாப் போச்சு" என்று யாரோ சொல்ல, பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போய்விட்டார்கள். கடையில் டிஸ்கைத் துடைத்து, களவு விண்டோஸ் ஏற்றி, காசும் வாங்கிக்கொண்டு திருப்பி அனுப்பினார்கள். பிள்ளைகள் ஒரு தவணை முழுக்கத் தமிழில் தட்டிச் சேர்த்த செயற்திட்டம் அதோடு போயிற்று.

அந்தப் பழுதுக்கு மருந்து ஒரேயொரு வரி. ஆல்ட்டையும் எஃப்2ஐயும் சேர்த்து அழுத்துங்கள். வரும் பெட்டியில் எக்ஸ், எஃப், டபிள்யூ, எம், 4 என்று சேர்த்து ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டி, ஓர் இடைவெளி விட்டு, இரண்டு சிறு கோடு போட்டு, ரிப்ளேஸ் என்று எழுதி என்டர் தட்டுங்கள். மேல்பட்டை திரும்பி வரும். கோப்பு ஒன்றும் போகாது.

ஏன் தெரியுமா? லினக்ஸில் விண்டோக்களுக்குச் சட்டம் போட்டு இடம் பிடித்துக் கொடுப்பது விண்டோ மனேஜர் என்ற தனி மென்பொருள். அது விழுந்தால் சட்டம்தான் போகும், வீடு இடியாது. நிழலும் கண்ணாடிபோன்ற தோற்றமும் தருவது கம்போசிட்டர். அது ஒவ்வொரு விண்டோவையும் முதலில் நினைவகத்தில் வரைந்து, பிறகு எல்லாவற்றையும் சேர்த்துத் திரையில் காட்டும். கிராபிக்ஸ் ட்ரைவர் சரியாக வேலை செய்யாவிட்டால் அந்தச் சுமை முழுவதும் சீபியூவின் தலையில் விழும். திரை கிழிவதும், விண்டோ கறுப்பாவதும், எல்லாம் இழுபடுவதும் பல நேரம் இந்தச் சுமையாலும் ட்ரைவராலும்தான். செட்டிங்ஸில் விண்டோ மனேஜர் ட்வீக்ஸ் போய்க் கம்போசிட்டரை நிறுத்திப் பாருங்கள். நிழல் போகும், வேகம் வரும். சினமன் பதிப்பென்றால் கன்ட்ரோல், ஆல்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டெஸ்க்டொப் மட்டும் புதிதாக எழும்பும்.

அதற்கும் சரிவராவிட்டால் புதிய யூசர் ஒன்றை உருவாக்கி அதில் நுழையுங்கள். அங்கே எல்லாம் ஒழுங்காக இருந்தால் பிழை உங்கள் பழைய அமைப்புகளில்தான் இருக்கிறது, மெஷினில் இல்லை. இத்தனைக்கும் பத்து நிமிடம் போதும்.

நாங்கள் ஒரு சார்பாகப் பேசவில்லை. லினக்ஸ் பிரியர்களிடமும் பிழை இருக்கிறது. பழைய மெஷினில் கொம்பிஸ் போட்டு, சுழலும் கனசதுரமும் ஆடும் விண்டோவும் காட்டிப் பெடியளை மயக்கிவிட்டு, அது சிக்கும்போது ஆளைக் காணோம். எங்களிடமும் பிழை இருக்கிறது. திறந்த மூல மென்பொருளைப் பற்றிப் பரீட்சைக்கு எழுதக் கற்றுக்கொடுக்கிறோம், அது சிக்கினால் என்ன செய்வதென்று கற்றுக்கொடுப்பதில்லை. இந்த நான்கு வரியைத் தமிழில் எழுதி அந்த அறைச் சுவரில் ஒட்டியிருந்தால் பிள்ளைகளின் உழைப்பு போயிருக்காது. அந்தக் குற்றம் எங்களுடையது.

"பிறகு வேலைக்குப் போனால் விண்டோஸ்தானே" என்று பெற்றோர் கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 டீபீஎம் 2.0 கேட்கிறது. எங்கள் அறையில் இருக்கும் பழைய பெட்டிகள் அந்தப் படலையையே தாண்டாது. அப்படியானால் அவற்றைக் குப்பையில் போடுவதா, பாதுகாப்பில்லாத களவு விண்டோஸில் பிள்ளைகளை இருத்துவதா? களவு சொவ்ட்வெயாரைக் காசு கொடுத்து வாங்கிவிட்டு, பிள்ளைக்கு நேர்மையைப் பற்றி எந்த முகத்தோடு பாடம் எடுப்பது?

பொருளாதாரத் தடைக் காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட மண் இது. மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய மண். இன்றைக்கும் எங்கள் கடற்கரையில் படகின் எஞ்சின் நின்றால் பிளக்கைக் கழற்றிப் பார்ப்பார்கள், எண்ணெயைப் பார்ப்பார்கள். எஞ்சினைக் கடலில் தள்ளிவிட்டு வந்தவர் யாராவது உண்டா? கொம்பியூட்டர் என்றதும் மட்டும் ஏன் கை நடுங்குகிறது?

கடைக்காரத் தம்பிமாரே, ஃபோமட் உங்கள் கடைசி மருந்தாக இருக்கட்டும். அதற்கு முதல் "உள்ளே என்ன இருக்கிறது, கொப்பி எடுத்தாயிற்றா" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பெற்றோரே, நீங்களும் அதைக் கேட்டுவிட்டுப் பெட்டியைக் கொடுங்கள்.

நாங்கள் அந்தச் சுவரொட்டியை இந்த வாரம் ஒட்டுகிறோம், இன்ஷா அல்லாஹ். வேண்டியவர்கள் கேளுங்கள், அனுப்பி வைக்கிறோம்.