எது மிச்சம்?

ஆடி பிறந்துவிட்டால் சென்னை ரங்கநாதன் தெருவிலிருந்து வெறுங்கையோடு திரும்புபவர் அரிது. கேட்டால் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "பாதிக்குப் பாதி மிச்சம்." 1,200 ரூபாய்ச் சேலையை 600க்கு வாங்கியவர், 600 ரூபாய் மிச்சம் பிடித்ததாக மனதார நம்புகிறார். சேலை தேவையில்லை என்றால் அந்த 600 முழுக்கச் செலவு. நம் வீடுகளில் இவ்வளவு ஆழமாக வேரோடிய பொய்க்கணக்கு வேறில்லை.

ஆடியில் கல்யாணம் கிடையாது. விதைப்புக் காலம், கையில் காசும் புரளாது. படுத்த வியாபாரத்தை எழுப்பவும் தேங்கிய சரக்கைக் கழிக்கவும் கடைக்காரருக்குத் தள்ளுபடி தேவை. அவருடைய தேவையை நம்முடையதாக எப்போது எடுத்துக்கொண்டோம்?

மிச்சம் என்றால் மீந்துபோனது என்றும் பொருள். துணி விட்டுச்செல்லும் அந்த மிச்சத்தை நொய்யல் ஆற்றங்கரையில் பார்க்கலாம். பாசனத்துக்கென 1992இல் திறந்த ஒரத்துப்பாளையம் அணையில் திருப்பூரின் சாயக்கழிவு வந்து தேங்கியது. அணையில் தண்ணீரைத் தேக்காதீர்கள் என்று உழவர்களே மன்றாடினார்கள். 2011இல் சாயப்பட்டறைகளை மூடும்படி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. திருப்பூர் பனியனில் பெரும்பங்கு வெளிநாட்டுக்குப் போகிறது, உண்மைதான். ஆனால் நம் பீரோவில் இருக்கும் துணிக்கும் எங்கோ ஒரு தண்ணீரில்தான் சாயம் ஏற்றியிருக்கிறார்கள்.

"பழசை இல்லாதவங்களுக்குக் கொடுத்துடலாம்" என்கிற சமாதானம் இன்னும் கொடியது. 2004 சுனாமிக்குப் பிறகு நம் கடற்கரை ஊர்களுக்கு லாரி லாரியாகப் பழந்துணி வந்தது. எடுப்பாரின்றிச் சாலையோரம் குவியல் குவியலாகக் கிடந்தது. வீட்டையும் வலையையும் இழந்து நின்ற மீனவர்கள் அதைக் கேட்கவேயில்லை. நம் பீரோவைக் காலி செய்துவிட்டு அதற்குத் தர்மம் என்று பெயர் வைத்தோம்.

எனக்கும் கடையில் ஒரு சேலையைப் பார்த்தால் கை நீளும். அப்போது வீட்டில் மடிப்புக் கலையாமல் கிடப்பவற்றை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்ப்பேன். நாளைக்கு வந்து வாங்கலாம் என்று திரும்பிவிடுவேன். வாரம் போனால் அந்தச் சேலையின் நிறம்கூட நினைவில் இருக்காது.

அம்மாவுக்குத் தீபாவளிக்கு ஒரு சேலை, பொங்கலுக்கு ஒன்று, அவ்வளவுதான். உடுத்தி உடுத்தி நூல் மெத்தென்று ஆகிவிடும். என் மகள் உறங்கிய தூளி, அம்மா பல வருஷம் கட்டிய சுங்குடிச் சேலை.